இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு எத்தனை மணி நேரம்?

(நமது சங்கத்தின் பொங்கல் விழா மாலையில், சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம். இதில் உள்ள வேண்டுகோள் வரும் பொதுக்குழுவில் விவாதத்துக்கு வருகிறது.)



ஏப்ரல் மாத ஆண்டு விழாவுக்கு ஒரு இசைக்குழுவை அழைக்கலாம் என்று விழாக்குழு யோசனை சொன்னதும், நம் வாட்ஸாப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "இரண்டு மணி நேரம் பாடுவதற்கு இவ்வளவு ரூபாயா?" நியாயமான கேள்விதான். நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகும் பணம், யாரும் கேட்கலாம். நான் ஏழு வருடம் ஒரு குழுவில் கீபோர்டு வாசித்து ஊர் ஊராகப் போனவன் என்பதால், பதில் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இதே கட்டடத்தில் ஏ பிளாக் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டு எழுதி ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களுக்கும் இந்தப் பேச்சில் கொஞ்சம் சேதி இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் பாவூர்சத்திரம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிறவர்கள் ஆலங்குளம் தாண்டியதும் வரும் ஊர். வடக்கே போனால் சுரண்டை, தெற்கே போனால் கடையம். எங்கள் ஊர்க் காய்கறிச் சந்தை பெரியது. அங்கே ஏற்றுகிற காய் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மெயின் ரோட்டு டீக்கடையில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒன்று, காய்கறி லாரிக்காரர்கள். இன்னொன்று, கச்சேரி முடித்துத் திரும்புகிற பாட்டுக்காரர்கள். லாரிக்காரர் வேலைக்குப் போகிற வழியில் டீ குடிப்பார். பாட்டுக்காரர் வேலை முடிந்து, தூக்கத்தை விரட்டுவதற்காகக் குடிப்பார்.

எங்கள் பக்கத்தில் ஊர் சுற்றுகிற இசைக்குழு என்பது புதிய விஷயம் இல்லை. கிதாரும் டிரம்ஸும் வருவதற்கு எவ்வளவோ முன்பே வில்லுப்பாட்டு செட், நையாண்டி மேளம், கணியான் கூத்து எல்லாம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. இவர்களுக்குக் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. செட்டுக்கு ஒரு தலைவர் இருப்பார். அவரே அச்சாரம் வாங்குவார், அவரே ஆள் சேர்ப்பார், அவரே பங்கு பிரிப்பார். இன்றைக்கு இளைஞர்கள் ‘இண்டி பேண்ட்’ என்று சொல்கிறார்களே, சொந்தப் பாட்டு, சொந்தப் பொறுப்பு, சொந்தச் செலவு, அந்த ஏற்பாடு எங்கள் ஊர் வில்லுக்காரருக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடுதான். திருநெல்வேலிச் சீமையில் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அந்த வில்லைச் சென்னைக்குக் கொண்டுவந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது வரைக்கும் போனார். அவர் பெயர் நமக்குத் தெரியும். பெயர் தெரியாமல் பஸ்ஸில் மண்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன வில்லுக்காரர்கள் எத்தனையோ பேர்.

இந்தத் தொழிலில் முதல் சிக்கல் நாட்காட்டி. எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டி வரும். சுடலைமாடன் கோயில் என்றால் பல ஊர்களில் வெள்ளிக்கிழமை. மாதமும் அப்படித்தான், பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடி, ஆவணி. ஆக, ஒரே செவ்வாய்க்கிழமைக்குப் பத்து ஊரிலிருந்து கூப்பிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். மெல்லிசைக் குழுவுக்குக் கொடையோடு கல்யாண வரவேற்பும், கல்லூரி ஆண்டு விழாவும் சேரும். அதுவும் முகூர்த்த நாளையும் பரீட்சைத் தேதியையும் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி மேடை கிடையாது. வருடத்தில் சில மாதம் சம்பாதித்து, மீதி மாதங்களுக்கும் அதை வைத்தே சாப்பிட வேண்டும். 2020-இல் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அந்த வருடத்துச் சித்திரை, வைகாசி, ஆடி எல்லாம் போயிற்று. மற்றவர்களுக்கு அது சில மாதச் சம்பளம். கொடையை நம்பி இருக்கிற கலைஞருக்கு அது ஒரு முழு வருடம்.

இரண்டாவது சிக்கல் காற்றும் ஈரமும். குற்றாலத்துச் சாரல் உங்களுக்குச் சுகம். அருவியில் குளித்துவிட்டு சூடாக பஜ்ஜி சாப்பிடுவீர்கள். தோல் வாத்தியக்காரருக்கு அதே சாரல் எதிரி. ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து நாதம் இறங்கிவிடும். கணியான் கூத்தில் மகுடம் அடிப்பவர் அதைத் தீயில் காட்டி இறுக்கிய பிறகுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். நாதஸ்வரக்காரர் நாணலில் செய்த சீவாளிகளைக் கழுத்துக் கயிற்றிலோ டப்பாவிலோ பத்திரமாக வைத்திருப்பார். ஒன்று ஒத்துழைக்காவிட்டால் இன்னொன்று. கிதார்க்காரருக்குக் கம்பி, டிரம்மருக்குக் குச்சி, எனக்குக் கீபோர்டின் மின்னிணைப்பு. இதெல்லாம் ஒவ்வொரு பயணத்திலும் தேய்கிற பொருள். மாற்றுவதற்கான காசு கச்சேரிப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பாவூர்சத்திரத்திலிருந்து திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊர். போக கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், வர அதே நூறு.

காலை 9 மணிக்கு வேனில் சாமான் ஏற்றத் தொடங்குவோம். எது அடியில், எது மேலே என்று ஒரு கணக்கு இருக்கிறது. மாற்றி வைத்தால் ஏதாவது ஒன்று உடையும். 10 மணிக்குக் கிளம்பி, ஆலங்குளத்தில் ஒரு பாடகரையும் திருநெல்வேலியில் இரண்டு வாத்தியக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, மதியம் 2 மணிக்குப் போய்ச் சேருவோம். மேடைக்குப் பலகை அப்போதுதான் வந்திருக்கும். 4 மணிக்கு மைக் செட் தயாராகும். 6 மணி வரை சவுண்ட் செக். நோட்டீஸில் கச்சேரி 6.30 என்று போட்டிருக்கும். ஆனால் பரிசளிப்பு, பொன்னாடை, நன்கொடையாளர் பெயர் வாசிப்பு எல்லாம் முடிந்து 8 மணிக்குத்தான் எங்களை அழைப்பார்கள். 10 மணிக்கு முடிப்போம். பிறகு கழற்றிக் கட்டி, சாப்பிட்டு, கணக்கு முடித்துக் கிளம்ப 12 மணி. வீட்டு வாசலில் சாமானை இறக்கி வைக்கும்போது 3.30.

கூட்டிப் பாருங்கள். பதினெட்டரை மணி நேரம். அதில் வாசித்தது இரண்டு மணி நேரம். இதற்கு முன்னால் இரண்டு நாள் ஒத்திகை நடந்திருக்கும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். புரிவதற்காக ஒரு உதாரணக் கணக்கு. குழுவுக்குக் குழு, ஊருக்கு ஊர் இது மாறும். ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். வேன் வாடகையும் டீசலும் 8,000. கூடுதலாக எடுத்துப்போகும் ஒலிக்கருவி வாடகை 9,000. டிரைவர், உதவியாள் பேட்டா 2,500. சாப்பாடு, டீ 3,000. கம்பி, தோல், பழுது பார்ப்பதற்கு ஒதுக்குவது 2,500. நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தவருக்குப் பத்து சதவீதம், 5,000. மொத்தம் 30,000 போய்விட்டது. மிச்சம் 20,000, ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,222 ரூபாய். இரண்டு நாள் ஒத்திகை, ஒரு நாள் கச்சேரி என்று மூன்று நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 740 ரூபாய். அதுவும் கூப்பிடுகிற மாதத்தில். "இவ்வளவு ரூபாயா?" என்று கேட்டவர்கள், நாளைக்கு 740 என்று கேட்டபின் என்ன சொல்வீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஆள் கூடக்கூட இந்தக் கணக்கு இறுகும். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னின்று, இசைக்கலைஞர் டென்மா ஒருங்கிணைத்த குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில், பத்தொன்பது பேர். மேடையில் அது பெரிய பலம். ஆனால் பத்தொன்பது பேருக்கும் டிக்கெட், சாப்பாடு, படுக்க இடம் என்று யோசித்தால், சொந்தப் பாட்டுப் பாடுகிற பெரிய குழுக்கள் நம் நாட்டில் ஏன் எளிதில் ஊர் ஊராகப் போக முடிவதில்லை என்பது புரியும். குழுவைச் சின்னதாக்கு, வாத்தியத்துக்குப் பதில் டிராக் போடு என்று செலவு சொல்லும். சங்கீதம் வேறு சொல்லும். இந்த இழுபறி ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் நடக்கும்.

அப்படியானால் ஏன் போகிறார்கள்? பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி இது. ஒரு குழுவைச் சொல்கிறேன். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் என்று ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடிப் பிரச்சாரம் செய்தவர். தம்பிமார்களைச் சேர்த்துக்கொண்டு ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று ஊர் ஊராகப் போனார். அந்தத் தம்பிகளில் ஒருவர் பதினான்கு வயது வாக்கில் குழுவில் சேர்ந்து, பாடி, ஆர்மோனியம் வாசித்து, ஏறத்தாழ பத்து வருடம் தெற்கே பல ஊர்களில் சுற்றினார். பிறகு சென்னைக்கு வந்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தில் அவர் பெயர் வந்தபோது நமக்கு இளையராஜா புதியவர். ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்த ஊர் ஜனம் நிமிர்ந்து உட்காரும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதை அவர் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான முகங்களில் பார்த்திருந்தார். அந்தப் பாடத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் படிக்க முடியாது. வேனிலும் பஸ்ஸிலும் போய்த்தான் படிக்க வேண்டும்.

ஏ பிளாக் பிள்ளைகளே, எல்லாப் பயணமும் அங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒன்பது பேரில் இன்று இசையை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனோம். அதனால் படிப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் விடுமுறையில் போக வாய்ப்பு வந்தால் போங்கள். கணக்கு எழுத ஒருவரை முதலிலேயே நியமியுங்கள். வண்டிச் செலவு போக மிச்சத்தைச் சமமாகப் பிரியுங்கள். பாடுகிறவருக்கு ஒரு பங்கு, சாமான் தூக்குகிறவருக்கு ஒரு பங்கு என்று பேதம் வைத்த குழு ரொம்ப நாள் ஓடாது. சொந்தப் பாட்டை நிகழ்ச்சியின் கடைசியில் வைக்காதீர்கள். நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். நாங்கள் தெரிந்த சினிமாப் பாட்டு இரண்டு பாடி ஆட்களை உட்கார வைத்துவிட்டு, மூன்றாவதாக எங்கள் பாட்டைப் பாடுவோம். அப்போதுதான் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இனி நாம், கூப்பிடுகிறவர்கள், என்ன செய்யலாம்? நான் பார்த்தவரையில் பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் செய்வது நேரம்தான். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இன்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். நம் ஆண்டு விழாவுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் உண்டு. நம் பூங்காவில் மேடை போட்டால் 10 மணிக்கு முடித்தாக வேண்டும். ஆகவே 7 மணி என்று சொன்னால் 7 மணிக்கு ஆரம்பிப்போம். பரிசளிப்பை முந்தின நாளே முடித்துவிடலாம். பாடிக்கொண்டிருக்கும்போது "இன்னும் ஒரு பாட்டு" என்று பத்தேகாலுக்குக் கேட்டு, பக்கத்துத் தெருக்காரர் போலீஸுக்குப் போன் போட்டால், திட்டு வாங்குவது மைக் முன்னால் நிற்கிறவர்.

அடுத்தது, மானம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயங்கள். பெண் கலைஞர்கள் உடை மாற்ற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை. சுத்தமான கழிப்பறை; அது எங்கே என்று கேட்காமலே சொல்லுகிற ஒரு ஆள். சாப்பாட்டை நமக்குப் பந்தி முடிந்தபின் என்று வைக்காமல், கச்சேரிக்கு முன்பு இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாக, முடிந்தபின் வயிறார. எங்கள் பக்கம் பல ஊர்களில் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "எய்யா, எல்லாரும் சாப்ட்டாச்சா? டிரைவர் தம்பி சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். டிரைவரைக் கேட்கிற ஊருக்கு அடுத்த வருடமும் போக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றும். மீதிப் பணத்தை அன்று இரவே, எண்ணி, கவரில் போட்டுக் கொடுப்பது நம் பொருளாளர் கையில் இருக்கிறது. "திங்கட்கிழமை போடுகிறோம்" என்ற வார்த்தையை நம்பி வீடு திரும்பிய குழு, அந்தத் திங்கட்கிழமையை மாதக்கணக்கில் தேடியிருக்கிறது.

இனி முக்கியமான வேண்டுகோள். நாங்கள் போன ஊர்களில் எத்தனையோ பிரச்சினை பார்த்திருக்கிறோம்: மழை, கரண்ட் கட், மேடைத் தகராறு. அதிலெல்லாம் எங்கள் வீட்டார் பயப்பட்டதில்லை. அவர்கள் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: ராத்திரி 12 மணிக்கு மேல் திரும்பி வருகிற வண்டி. காலையிலிருந்து எங்களோடு விழித்திருந்த டிரைவர், வயிறு நிறையச் சாப்பிட்டபின், 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். பின்னால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். எங்கள் குழுவில் முறை வைத்து ஒருவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வர வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தோம். கச்சேரி முடித்துத் திரும்பிய குழுவின் வேன் விபத்துக்குள்ளானது என்ற செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். மேடையில் யாரும் சாவதில்லை. ரோட்டில்தான்.

இதற்கு நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. நம் குடியிருப்பில் விருந்தினர் அறை இரண்டு, மின்விசிறியோடு இந்தச் சமுதாயக் கூடம், குளியலறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. ஆனால், வெளியாட்கள் இரவு 11 மணிக்கு மேல் பொது இடங்களில் தங்கக்கூடாது என்று நம் விதி சொல்கிறது. பாதுகாப்புக்காக வைத்த நல்ல விதிதான். சங்கமே அழைத்த கலைஞர்களுக்கும் அவர்களுடைய டிரைவருக்கும் அந்த ஒரு இரவுக்கு மட்டும் விலக்குத் தர வேண்டும் என்று கேட்கிறேன். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி வாசலில் கொடுத்துவிடலாம். பெண்களுக்கு விருந்தினர் அறை. ஆண்களுக்குக் கூடத்தில் பாய், தலையணை. காலையில் காபி குடித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கிளம்பட்டும். செலவு என்று பார்த்தால் ஒரு வேளைக் காபியும் டிபனும்தான்.

பணம் எவ்வளவு தருவது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நம் வசதிக்கு ஒன்பது பேர் அதிகம் என்றால், ஐந்து பேர் கொண்ட வில்லுப்பாட்டு செட்டைக் கூப்பிடலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் தென்காசியில் ஏறினால் விடிகாலை எழும்பூரில் இறங்குவார்கள். குடம் உடையாமல் வந்து சேர்வது அவர்கள் பொறுப்பு. இல்லை, பேண்ட்தான் வேண்டும் என்றால் அதையும் கூப்பிடுவோம். அன்று முதல் அரை மணி நேரத்தை ஏ பிளாக் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதும் என் யோசனை. எந்தக் குழு வந்தாலும் ராத்திரியே அனுப்பிவிட வேண்டாம். தீர்மானத்தின் நகலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். பொதுக்குழுவில் கை தூக்குங்கள்.